வெட்டிய ஒயரை எடுக்கிறவர்

வின்னம் என்கிற கடலோர ஊரில் ஆல்பி க்ரௌஸ் கொடுத்த டோஸ்டரில் ரொட்டி வாட்டாத குடும்பம் ஒன்று இருக்கிறதென்றால், அது போன வாரம் குடிவந்த குடும்பமாகத்தான் இருக்கும். அவர்களுக்கும் இன்னும் கொஞ்ச நாள்தான் சுதந்திரம். ஒரு வீட்டுச் சமையலறையில் ஏதோ குறைகிறது என்று மோப்பம் பிடித்துவிட்டால், சீக்கிரமே ஆல்பி வாசற்படியில் வந்து நிற்பார். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை, இரண்டு கையிலும் ஏந்திய ஒரு கெட்டிலோ மிக்சரோ. "உங்களுக்குத் தேவைப்படுமோன்னு பார்த்தேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வேண்டாமென்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகுமோ என்று பயந்தே பாதி ஊர் இரண்டிரண்டு கெட்டில் வைத்திருக்கிறது.

எல்லாம் தெருவோரம் கிடந்தவை. வருஷத்துக்கு ஒரு முறை பெரிய குப்பைகளை அள்ள மாநகராட்சி லாரி வரும். அதற்கு முந்தின சனி ஞாயிறில் அவரவர் வீட்டுக்கு முன்னால் இருக்கும் புல்தரையில் உடைந்த கட்டில், துருப்பிடித்த சைக்கிள், வேண்டாத மின்சாமான் என்று குவித்துவைப்பார்கள். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இதில் ஒரு மரியாதை உண்டு. ஒரு சாமான் நிஜமாகவே செத்துப்போயிருந்தால் அதன் ஒயரை வெட்டிவிட்டுத்தான் வெளியே வைப்பார்கள். வீணாகத் தூக்கிக்கொண்டு போய் ஏமாறாதே என்று அர்த்தம். இப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் இதை மீறியவரும் கிடையாது. ஒயர் வெட்டிய சாமானை, குப்பையைக் கிளற வரும் அரிவாள்மூக்கன் பறவைகூடத் திரும்பிப் பார்க்காது.

ஆல்பி அதைத்தான் தேடிப் போவார். ஒயரோடு இருப்பதைத் தொடமாட்டார். "அதை எவன் வேணா எடுப்பான், அதுல என்ன இருக்கு?" என்பது அவர் கட்சி.

வெட்டு விழுந்த இடத்தைக் குனிந்து பார்ப்பார், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதைப் போல. உடம்போடு ஒட்ட வெட்டியிருந்தால் அது வீட்டுக்காரர் வேலை இல்லை, செம்புக்காகப் பழைய இரும்புக்காரன் பார்த்த வேலை. சாமான் அநேகமாக நன்றாகவே இருக்கும். நடுவில் சமையலறைக் கத்தரிக்கோலால் கடித்துக் குதறியிருந்தால் வீட்டுக்காரர். அதிலும் பாதி சாகாமலே செத்ததாகச் சொல்லப்பட்டவை, ஒரு ஃப்யூஸ் போயிருக்கும், ஒரு ரொட்டித் துண்டு சிக்கியிருக்கும். பிளக்கை மட்டும் நறுக்கியிருந்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை. இந்த மூன்றாவது ரகத்தை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டால் சொல்லமாட்டார். கல்யாணமே ஆகாத மனுஷர்.

இப்ஸ்விச் ரயில்வே பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதால் கை சுத்தம். மரக்கால்கள்மேல் உயர்ந்து நிற்கும் அவர் வீட்டுக்கு அடியில், ஆள் நிமிர்ந்து நடக்கலாம். அங்கேதான் பட்டறை. உத்தரத்தில் ஆணியடித்து ஒயர்களைத் தொங்கவிட்டிருப்பார், தடிமன் வாரியாக. சாமானைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றி, பழைய ஒயரின் மிச்சத்தை வேரோடு எடுப்பார். நடுவில் முடிச்சுப்போட்டு டேப் சுற்றி ஒட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது, கொலைகாரர்கள் என்பார். இஸ்திரிப் பெட்டிக்குத் துணி சுற்றிய ஒயர், மற்றதற்கு ரப்பர். எர்த் கம்பியை மட்டும் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விடுவார். யாராவது காலில் சிக்கி இழுத்துவிட்டால், எல்லாம் பிடுங்கிக்கொண்ட பிறகு கடைசியாகத்தான் அது வர வேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்து, ஒரு நாள் முழுக்கத் தானே உபயோகித்துப் பார்த்து, பிறகுதான் இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புவார். கீழேயிருந்து கேக் மாவு அடிக்கும் சத்தம் வருகிறதே என்று ஓடிப்போய்ப் பார்த்தால் வெறும் தண்ணீரை அடித்துக்கொண்டிருப்பார்.

மேலே அக்கா நோலா இருக்கிறார். புருஷன் போன பிறகு அம்மா அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவர், வீட்டில் பாதி அவர் பேரில் இருக்கிறது, வாயில் முழுவதும் அவர் பேரில் இருக்கிறது. பள்ளிக்கூட கேன்டீனில் வேலை. முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழகியதால் தம்பியையும் அப்படியே நிறுத்துவார்.

"அந்தக் கிம்பி ஊர்ப் பொண்ணு ஞாபகம் இருக்கா?" என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பேச்செடுப்பார்.

"அதை விடேன் நோலா."

"எப்படி விடறது? 'நம்ம விஷயம் என்னாச்சு ஆல்பி'ன்னு அவ கேட்டா. 'ஞாயித்துக்கிழமை சொல்றேன்'னு நீ சொன்னே. சனிக்கிழமை அவளுக்கு வேற ஒருத்தனோட கல்யாணம் ஆயிடுச்சு."

"அது அப்படி இல்ல. நடுவுல ரெண்டு வருஷம் இருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை வர்றதுக்கு ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டவன் நீ ஒருத்தன்தான்டா."

ஆல்பி மறுக்கமாட்டார். மனசில் இருப்பது வாய்க்கு வருவதற்குள் ரயிலே போய்விடும் ஆள் அவர், ரயில்வேயில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சாமானாகக் கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டார்.

இப்படி அவர் அதிகமாகச் சொன்னது கிளெனிஸிடம்.

கிளெனிஸ் தெருக்கோடியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார். பள்ளி வாசலில் 'நில்' பலகை பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடக்கவிடும் வேலை. விவாகரத்து ஆகி, மகளைக் கட்டிக்கொடுத்து, ஒற்றை ஆளாக வந்து சேர்ந்த வருஷம் வெயில் கொளுத்தியது. ஜன்னல் கதவெல்லாம் திறந்துபோட்டு வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவரை ஆல்பி பார்த்தார். மறுநாள் ஒரு ஸ்டாண்டு ஃபேனோடு போய் நின்றார். தேவைப்படுமோன்னு பார்த்தேன்.

"இது எங்க வாங்கினது?"

"வாங்கலை. ஒயர் போட்டேன்."

"ஷாக் அடிக்குமா?"

அதைக் கேட்டு ஆல்பிக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ஒரே மூச்சில் நாலு வாக்கியம் பேசினார் என்று கிளெனிஸ் பின்னால் நோலாவிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

ஃபேனுக்குப் பிறகு இஸ்திரிப் பெட்டி போனது. பிறகு கெட்டில், டோஸ்டர், படுக்கையறை விளக்கு. அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை காலைகளில் கிளெனிஸ் பூசணி ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிகளைச் சுட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் வந்து, கவிழ்த்த பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்துகொள்வார். அவர் பேசுவார், ஆல்பி ஸ்க்ரூவைக் கழற்றுவார். எந்த டிரைவர் பலகையை மதிக்கவில்லை, எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது, வடக்கே ஒரு நாள் ரயில் தூரத்தில் இருக்கும் டவுன்ஸ்வில்லிலிருந்து மகள் லீஆன் போனில் என்ன சொன்னாள், எல்லாம் வரும். ஆல்பி "ம்" என்பார். அந்த "ம்"மில் ஏழெட்டு ரகம் இருப்பதாகவும் தனக்கு எல்லாம் அத்துப்படி என்றும் கிளெனிஸ் நினைத்துக்கொண்டிருந்தார். போன கிறிஸ்துமஸுக்கு ஆல்பி அவருக்கு ரிப்பன் கட்டிக் கொடுத்தது ஒரு கட்டிங் பிளேயர். நல்ல ஜெர்மன் எஃகு. ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிற பரிசா இது என்று நோலா ஒரு வாரம் தலையில் அடித்துக்கொண்டார். கிளெனிஸ் என்னவோ அதைச் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு வைத்துக்கொண்டார்.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. இந்த வருஷம் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். கிளெனிஸ் சம்பளத்துக்கு அது தாங்காது. மகள் வந்துவிடு என்கிறாள், பேத்தியோடு ஒரே அறையில் படுத்துக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை ஸ்கோனை வைத்துவிட்டு கிளெனிஸ் இதைச் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

ஆல்பியின் கையில் ஒரு ஹேர் டிரையர் இருந்தது. அதைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"டவுன்ஸ்வில் ரொம்ப சூடு" என்றார்.

"தெரியும்."

"ம்."

அந்த "ம்" எந்த ரகம் என்று கிளெனிஸுக்குப் புரியவில்லை. ஸ்கோன் தட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போனார். மேலே ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நோலா இறங்கி வந்து, தம்பியைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் திரும்பி ஏறிப் போனார். நோலா ஒன்றும் சொல்லவில்லை என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

ஆல்பிக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு ராத்திரி படுக்கையில் அவ்வளவும் அழகாகச் சொன்னார், கூரையிடம். இந்தப் பெண் போய்விட்டால் சனிக்கிழமை என்று ஒரு கிழமை தனக்கு இருக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதை விடிந்ததும் போய்ச் சொல்லலாம் என்றும் இருந்தது. விடிந்ததும் வழக்கம்போல் ஹேர் டிரையர்தான் கையில் இருந்தது.

அப்புறம்தான் பெருங்குப்பை வாரம் வந்தது. சனிக்கிழமை காலையில் ஆல்பி தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். லாம் குடும்பத்து வீட்டு வாசலில் ஒரு அரிசி குக்கர், ஒயர் வெட்டியிருந்தது, எடுத்துக்கொண்டார். மூலை வீட்டில் ஒரு ரேடியோ. இப்படியே தெருக்கோடிக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கிளெனிஸ் வீட்டுப் புல்தரையில் ஆல்பி கொடுத்த சாமான் முழுவதும் வரிசையாக நின்றது. ஃபேன், இஸ்திரிப் பெட்டி, கெட்டில், டோஸ்டர், விளக்கு. துடைத்து வைத்திருந்தது. ஐந்துக்கும் ஒயர் வெட்டியிருந்தது.

குனிந்து பார்த்தார். உடம்பிலிருந்து ஒரு சாண் விட்டு, நேராக, பிசிறில்லாத ஒரே வெட்டு. இரும்புக்காரன் வெட்டு இல்லை. கத்தரிக்கோல் இல்லை. நல்ல ஜெர்மன் எஃகு.

மனுஷருக்குச் சுர்ரென்று ஏறியது. வெளியே வைத்ததில் குற்றமில்லை, மகள் வீட்டில் எல்லாம் இருக்கும், ரயிலில் ஃபேனையா தூக்கிக்கொண்டு போவார்கள். ஒயரோடு வைத்திருந்தால் யாராவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், நாலு பேருக்கு உதவும், சரி. வெட்டிவைப்பதென்றால்? ஆல்பி க்ரௌஸ் போட்டுக் கொடுத்ததெல்லாம் செத்துவிட்டது, யாரும் தொடாதீர்கள் என்று ஊர் பார்க்க வாசலில் எழுதி ஒட்டினதுதானே? கத்தரிக்கோலால் குதறியிருந்தாலாவது மனசு வராமல் வெட்டினாள் என்று ஆறுதல்பட்டிருக்கலாம். கை நடுங்காமல் வெட்டியிருக்கிறாள், அதுவும் தான் கொடுத்த பிளேயரால்.

ஒன்றையும் தொடவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு, எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறிப் போய்விட்டார்.

"அவ வெட்டிட்டா" என்றார் நோலாவிடம்.

"எதை?"

"எல்லாத்தையும்."

"போய் ஏன்னு கேக்க வேண்டியதுதானே?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? வெட்டுனா என்ன அர்த்தம்னு ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னுதான் எனக்குச் சந்தேகம்" என்று நோலா உருளைக்கிழங்கைச் சீவினார். அவருக்கும் விஷயம் முழுதாகப் புரிந்திருந்தது என்று சொல்லமுடியாது. ஆனால் தம்பி ஒரு விஷயத்தில் இவ்வளவு உறுதியாக இருந்தால் அது தப்பாகத்தான் இருக்கும் என்று அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தார்.

ஞாயிறும் திங்களும் ஆல்பி வேண்டுமென்றே தெருக்கோடி வழியாகப் போனார். கிளெனிஸ் வீட்டைத் தாண்டும்போது தலையைத் திருப்பாமல், அதற்கடுத்த வீட்டுக் குவியலில் நின்று நிதானமாக ஒரு பழைய வாக்குவம் கிளீனரை ஆராய்ந்தார். அதன் மோட்டார் எரிந்திருந்தது, குழாய் கிழிந்திருந்தது, எடுக்க ஒரு காரணமும் இல்லை. எடுத்துக்கொண்டு வந்தார். கோபத்தில் இருக்கும் மனுஷர்கள் என்னென்னவோ செய்வார்கள், இவர் வாக்குவம் கிளீனர் தூக்கினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அடுத்த தெருவில் லாரி சத்தம் கேட்டது. நோலா ஸ்கோன் தட்டைக் கழுவித் துடைத்துத் தம்பி கையில் திணித்தார்.

"கொண்டுபோய்க் கொடு. நாளைக்கு ரயில் அவளுக்கு."

"நீ போயேன்."

"எனக்கு முட்டி வலி."

நோலா முந்தின நாள்தான் ஏணியில் ஏறி மாங்காய் பறித்தார். ஆல்பி அதைச் சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டோடு நடந்தார்.

கிளெனிஸ் வாசலில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். பெருக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஐந்து சாமானும் அப்படியே இருந்தன, கெட்டிலுக்குள் மழைத்தண்ணீர் நின்றது.

"தட்டு" என்றார் ஆல்பி.

"வச்சுட்டுப் போ. நோலா கொடுத்து விட்டாளா, நீயா வந்தியா?"

"நோலா கொடுத்தா."

"அதானே பார்த்தேன்."

ஆல்பி தட்டைச் சுவர்மேல் வைத்தார். திரும்பிப் போக வேண்டியவர், போகாமல் நின்றார்.

"லாம் வீட்டு குக்கர் ஓடுதா?" என்றார் கிளெனிஸ்.

"ஓடுது. ஃப்யூஸ்தான்."

"அந்த ரேடியோ?"

"அதுவும்."

"பக்கத்து வீட்டு வாக்குவம் கிளீனர்? அது உருப்படாதுன்னு எனக்கே தெரியும். அதைக்கூடத் தூக்கிட்டுப் போனே. என் ஃபேன் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு ஆல்பி?"

இவ்வளவு நாள் ஆல்பிக்கு உள்ளே கொதித்தது வெளியே வந்துவிட்டது. "நீதானே வெட்டினே?"

"ஆமா, நான்தான் வெட்டினேன்."

"செத்துப்போச்சுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நான் ஒயர் போட்டது எதுவும் சாகாது. ஊர் முழுக்கப் பார்க்கற மாதிரி வாசல்ல இப்படி..."

"செத்துப்போச்சுன்னு யார் சொன்னா?"

ஆல்பி ஃபேனைத் திரும்பிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த ஃபேன் காத்துலதான் படுத்தேன்" என்றார் கிளெனிஸ். "காலையில எந்திரிச்சு நானே வெட்டினேன். ஒயரோட வச்சா, மறுகோடி வீட்ல ஊர் சுத்திப் பார்க்க வந்து தங்கியிருக்குதுங்களே பிள்ளைங்க, அதுங்க பத்து நிமிஷத்துல அள்ளிட்டுப் போயிருக்கும். நீ கொடுத்ததை எவனோ ஒருத்தன் வச்சுக்கறது எனக்குப் பிடிக்கலை. வெட்டிவச்சா இந்த ஊர்ல யார் எடுப்பா? யோசிச்சுச் சொல்லு. எத்தனை பேர் எடுப்பாங்க?"

ஆல்பி யோசித்தார். கணக்கு ரொம்பச் சுலபம். ஒரே ஒரு ஆள்தான் எடுப்பான்.

"உனக்குன்னுதான் வெட்டினேன். எடுக்கறதுக்காகவாவது வருவே, வந்தா ஏதாவது சொல்லுவியோன்னு நினைச்சேன். ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ வந்தே, குனிஞ்சு பார்த்தே, எதிர்ப் பக்கம் ஏறிப் போயிட்டே. சரி, அதுதான் பதில்னு எடுத்துக்கிட்டேன்."

ஊரில் எந்த வெட்டையும் பார்த்து யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று சொல்கிற மனுஷர், தன் பேர் போட்டு வாசலில் வைத்த ஐந்து வெட்டைப் படிக்கத் தெரியாமல் வாக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஆல்பிக்கு முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. இந்தப் பெண் மூன்று நாள் ஜன்னலில் நின்றிருக்கிறாள் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த வேதனையில் நின்றுகொண்டிருந்தபோது லாரி வந்து பக்கத்தில் நின்றது.

ஆரஞ்சுச் சட்டை போட்ட இரண்டு பேர் குதித்து இறங்கினார்கள். டோஸ்டர் போனது, கெட்டில் தண்ணீரோடு போனது. பின்பக்கத்து இரும்புப் பலகை இறங்கி எல்லாவற்றையும் உள்ளே தள்ளி நசுக்கியது. இஸ்திரிப் பெட்டியும் விளக்கும் போயின. ஃபேனைத் தூக்கி விளிம்பில் வைத்த ஆள் நிறுத்தினார். வருஷா வருஷம் வருகிறவர், ஆல்பியைத் தெரியும். போன வருஷம் ஒரு மிக்சருக்காக லாரிக்குப் பின்னால் ஓடிவந்தவரை யார் மறப்பார்கள்?

"ஆல்பி, இது உன் சரக்கு மாதிரி இருக்கே. வேணும்னா இறக்கிக்கோ. பட்டனை அமுக்கிட்டா அவ்வளவுதான்."

ஆல்பி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் கிளெனிஸைப் பார்த்து ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருந்தார். நடுவில் விட்டால் மறுபடி எங்கே பிடிப்பதென்று தெரியாது.

"எங்க வீட்ல மேல ஒரு ரூம் சும்மா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இல்ல. ரூமைச் சொல்ல வரலை."

"ஆல்பி, ஃபேன்" என்றார் லாரிக்காரர்.

"கொண்டு போ" என்று கையை மட்டும் பின்னால் வீசினார் ஆல்பி.

லாரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டனை அமுக்கினார்கள். ஃபேனின் கூண்டு மடங்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. ஆல்பியின் தோள் ஒருமுறை குலுங்கியது, அவ்வளவுதான். தலை திரும்பவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று அவர் குரலை உயர்த்தினார். அந்தக் குரலை வின்னத்தில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"போகாதே கிளெனிஸ். நீ போனா எனக்கு ஒண்ணும் நல்லா இருக்காது. இங்கயே இரு. என்கூட இரு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஹேர் டிரையர் கையில இருந்துச்சு."

லாரி அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. லாம் வீட்டம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு மரியாதையாக உள்ளே போனார். கிளெனிஸ் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தார்.

"இதுவும் நோலா சொல்லச் சொன்னதா?"

"இல்ல. அவகிட்ட இன்னும் கேக்கவே இல்ல. பாதி வீடு அவளோடது. திட்டுவா."

"அப்ப நீயா சொல்றே."

"நானாத்தான் சொல்றேன்."

கிளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்தார் என்றும் சொல்லலாம், இரண்டும் சேர்ந்துதான் வந்தது. துடைப்பத்தை ஆல்பி கையில் கொடுத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"லீஆன், அம்மா நாளைக்கு வரலைம்மா. இல்ல, அடுத்த வாரமும் இல்ல. இங்கயே இருக்கப்போறேன்." அந்தப் பக்கம் மகள் என்னவோ படபடவென்று கேட்டாள். கிளெனிஸ் துடைப்பத்தோடு நிற்கும் ஆல்பியை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"காரணமா? எதிர்லதான் நிக்குது. அறுபது வயசாச்சு, இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கு. விட்டுட்டு எப்படி வர்றது?"